எழுநூற்று ஒரு பவுண் பூசணிக்காய்

எட்வேட், தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு எழுநூற்று ஒரு பவுண் கடன்பட்டிருந்தார். ஒரு பூசணிக்காய் வாங்கிய கடன். வீடு வாங்கிக் கடன்பட்டவர்களை லண்டன் கண்டிருக்கிறது, வியாபாரத்தில் விழுந்து கடன்பட்டவர்களையும் கண்டிருக்கிறது. ஒரு மரக்கறிக்கு இவ்வளவு கடன்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான். அதுவும் யார்? இரண்டு பெற்றோல் ஷெட்டுக்குச் சொந்தக்காரர். தாழைமுனைப் பங்குப் பேரவையின் தலைவர்.

தாழைமுனை மன்னார்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கரையூர். அந்த ஊர்ச் சனத்தில் பாதிப்பேர் இப்போது லண்டனில்தான். அவர்களுக்கென்று இங்கே ஒரு கோயில் கிடையாது. லூயிஷாமில் வெள்ளைக்காரரின் கோயிலை மாதத்தில் இரண்டு ஞாயிறு வாடகைக்கு எடுக்கிறார்கள். சொந்தமாக ஒரு கூரை இல்லாவிட்டாலும் பேரவை மட்டும் உண்டு. தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், விளையாட்டுப் பொறுப்பாளர், மலர் அலங்காரப் பொறுப்பாளர் என்று ஒன்பது பேர். ஒன்பது பேரும் பூசைக்கு முன்வரிசையில்தான் இருப்பார்கள். பூசை முடிந்து கதிரை அடுக்கும்போது ஒருவரையும் காணக் கிடைக்காது.

புரட்டாதிக் கடைசியில், செப்டெம்பர் முடிகிற நேரம், மிக்கேல் சம்மனசின் பெருநாள். பூசை முடிந்ததும் சனம் காணிக்கையாகக் கொண்டுவந்த சாமான்களை ஏலம் கூறுவார்கள். முருங்கைக்காய்க் கட்டு, கருவாட்டுப் பொட்டலம், கேக், விஸ்கிப் போத்தல், எல்லாம் ஏலத்துக்கு வரும். காசு சம்மனசுக்கு. அந்த ஏலத்தில் சாமானுக்கு விலை இல்லை, கேட்கிறவனின் பெயருக்குத்தான் விலை. பத்துப் பவுண் கேக்கை எண்பது பவுணுக்கு எடுத்தவனைச் சனம் ஒரு வருடம் பேசும்.

2023ஆம் ஆண்டுப் பெருநாளுக்குச் செயலாளர் பியற்றிஸ் ரீச்சர் தன் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கடையில் மூன்று பவுணுக்கு மேல் போகாத காய். அதை முதலில் கேட்டவர் செபமாலைமுத்து, வான் வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விற்பவர். மீன் வானோடு திரிகிறவன் தனக்கு முன்னால் விலை கேட்பதா என்று எட்வேட்டுக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது என்றார். நூறு என்றார் முத்து. இருநூறு, நானூறு, அறுநூறு. சனம் கதிரைகளை விட்டு எழும்பிவிட்டது. முத்து எழுநூறு என்றபோது எட்வேட் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எழுநூற்றி ஒண்டு."

மூன்று தரம் கூறியாயிற்று. கைதட்டலில் கோயில் அதிர்ந்தது. சுரூபமாக நின்ற சம்மனசு ஒரு கையில் வாளும் மறுகையில் தராசுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வேட் காயைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பித்தார். பிறகு பொருளாளர் லூர்தம்மாவின் பக்கம் திரும்பி, செக் புத்தகம் வீட்டில் கிடக்கிறது, வருகிற ஞாயிறு தருகிறேன் என்று சொல்லிவிட்டு, காயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

லூர்தம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அறுபத்தாறு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லண்டனுக்கு வந்த புதிதில் குரோய்டனில் அகதி விண்ணப்பம் பார்க்கிற பெரிய அரசாங்கக் கட்டடத்தில் ஒரு பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்தவர். நாலாம் வருடம் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எட்டு மாடி அலுவலகம் ஒன்றைத் துடைக்கிற பதினான்கு பேருக்கு அவர்தான் மேற்பார்வை. இங்கிலீசில் முழுதாக ஒரு வசனம் பேச வராத நாளிலேயே பதினான்கு பேரும் அவருடைய கண்ணுக்குப் பயந்தார்கள். வாளியையும் தும்புத்தடியையும் வைத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தார். கவுன்சில் வீட்டைக் காசு கட்டித் தன் பெயருக்கு வாங்கினார். இதையெல்லாம் அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொல்லட்டுமே. உழைத்தவருக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. பேரவையில் மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

பன்னிரண்டு வருடமாக அவர்தான் பொருளாளர். சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் கணக்கு. எல்லாப் பெயருக்கும் நேரே 'வந்தது' என்று இருக்கும். பாக்கி என்ற சொல் அந்தக் கொப்பியில் ஒரு நாளும் ஏறியதில்லை. அந்தப் பெருமையில்தான் அவர் தவறினார்.

பெருநாளன்று மத்தியானச் சாப்பாட்டின்போது ஏல மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு என்று மைக்கில் வாசித்தவர் அவர். ஒரு வருடத்துக் கோயில் வாடகையைத் திங்கட்கிழமைக்குள் கட்டிவிடுவோம் என்று வெள்ளைக்காரருக்குச் சொல்லிவைத்ததும் அவர். சம்மனசுக்கு முன்னால் கூறின விலை கைக்கு வந்த காசு மாதிரி என்பது தாழைமுனைச் சனத்தின் எண்ணம். தாழைமுனையில் அது சரி. அங்கே இராவோடிராவாக வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிப்போட்டுப் போவார்கள். லூயிஷாமில் யார் வாசலுக்கு யார் போவது? திங்கட்கிழமை காலை எழுநூற்று ஒரு பவுண் குறைந்தது. லூர்தம்மா தன் சீட்டுக் காசு எழுநூறையும், கைப்பையிலிருந்து ஒரு பவுணையும் எடுத்துப் பேரவைக் கணக்கில் போட்டார். கொப்பியில் எட்வேட்டின் பெயருக்கு நேரே 'வந்தது' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் காசுதானே.

அந்தச் சீட்டுக் காசு சும்மா கிடந்த காசு அல்ல. அவருடைய மனுசன் மரியநாயகம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. புதைத்த மண் இறுகும்வரை பொறுக்கச் சொல்லியிருந்த சேமக்காலைக்காரர் இனிக் கல்லறைக்குக் கல் வைக்கலாம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். கல் வெட்டுகிறவனிடம் கறுப்புக் கல் ஒன்று தெரிந்தெடுத்து வைத்தாயிற்று. பெயர் வெட்டத் தொடங்க முற்பணம் எழுநூறு கேட்டான். கார்த்திகை இரண்டாம் தேதி, அதாவது நவம்பர் இரண்டு, மரித்தோர் திருநாளுக்கு முன் கல் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம் முழுவதும். அது அவர் கட்டிய கடைசிச் சீட்டு. இனிப் பென்சனில் சீட்டுக் கட்ட ஏலாது. பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஞாயிறு வந்தது. எட்வேட் வந்தார். காசு வரவில்லை.

பேரவை மாதத்தின் முதற் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கூடும். நாலு மணிக்குத் தொடங்கும். ரோல்ஸும் தேத்தண்ணியும் முடியும்வரை பேசுவார்கள், முடிந்ததும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பார்கள். பியற்றிஸ் ரீச்சர் ஒரு சொல் விடாமல் எழுதுவார், யார் தும்மினார் என்பதுகூட அவருடைய குறிப்பில் இருக்கும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வரவு இடாப்புக் கூப்பிட்டு எழுதிய கை. அடுத்த கூட்டத்தில் அவர் அதை வாசிக்கும்போது எட்வேட் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசித்து முடிந்ததும் தங்கப் பேனாவை எடுத்துக் கையெழுத்து வைப்பார். சுவிசில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர். "சுவிசிலை எண்டால் எல்லாம் எழுத்திலைதான்" என்பது அவருடைய பாட்டு.

ஐப்பசிக் கூட்டத்தில் லூர்தம்மா கேட்டபோது, செக் புத்தகம் முடிந்துபோயிற்று, புதுப் புத்தகம் வரவேண்டும் என்றார். கார்த்திகையில் கதை மாறியது. பூசணிக்காய் உள்ளுக்குள் அழுகிக் கிடந்ததாம். அழுகலுக்கு எழுநூறு பவுண் கொடுப்பது நியாயமா என்பதைப் பேரவை ஆராய வேண்டுமாம். படித்த மனிதர் எட்டுப் பேரும் வாயில் ரோல்ஸோடு தலையாட்டினார்கள். மூன்று பேர் கொண்ட உபகுழு ஒன்று அமைந்தது. பூசணிக்காய்க்கு உபகுழு! அந்த மூன்று பேரும் எட்வேட்டின் வீட்டுக்குப் போய் ஆட்டிறைச்சியும் புட்டும் சாப்பிட்டார்கள். காய் எப்போதோ முடிந்துபோன படியால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று மார்கழியில் அறிக்கை கொடுத்தார்கள்.

இதற்கிடையில் மரித்தோர் திருநாள் வந்து போயிருந்தது. சேமக்காலையில் இரண்டு பக்கமும் கல்லுக் கல்லாக நிற்க, நடுவில் மரியநாயகம் இலக்கம் அடித்த ஒரு மரச்சிலுவைக்குக் கீழே கிடந்தார். சிலுவை மழையில் ஊறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. லூர்தம்மா அதை நிமிர்த்தி, காலால் மண்ணை மிதித்து இறுக்கி, மெழுகுதிரி கொளுத்தினார். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினார். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் கல் எப்போது வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மண் இன்னும் இறுகவில்லை என்று சொன்னார்.

தை மாதம் எட்வேட்டின் கணக்காளர் ஒரு யோசனை சொல்லியிருந்தாராம். தர்மத்துக்குக் கொடுக்கிற காசென்றால் அரசாங்கம் அதற்கு மேலே ஒரு பங்கு வரிக்காசைச் சேர்த்துக் கொடுக்கும், அதற்குப் பேரவை முதலில் தர்ம ஸ்தாபனமாகப் பதிய வேண்டும், பதிந்த அன்றே தான் காசு தரத் தயார். மாசியில், பதிவதற்குச் சட்டவிதிகள் எழுதிய யாப்பு ஒன்று வேண்டும் என்றார்கள். பங்குனியில் யாப்பின் முதற் பக்கத்தில் தலைவரின் படம் போடுவதா சம்மனசின் படம் போடுவதா என்று இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். சித்திரையில் யாப்பு எழுதிய காகிதத்தைக் காணவில்லை. வைகாசியில் விளையாட்டுப் போட்டிக்கு ரீசேட் என்ன நிறம் என்று அடிபட்டு, இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேச்சு நிறுத்தினார்கள். ஆனியில் மழை, கூட்டம் இல்லை. ஆறாம் வகுப்புப் படித்த லூர்தம்மா ஒரு காலை ஷிப்டில் முடிக்கிற அலுவலை இந்தப் பேரவை ஒன்பது மாதத்தில் தொடக்கவேயில்லை.

ஆடிக் கூட்டத்தில்தான் முதல்முதலாக ஒரு காரியம் நடந்தது. அதுவும் வஞ்சகத்தில் நடந்த காரியம். வருகிற பெருநாளில் சம்மனசின் சுரூபம் வைத்த கூடு தூக்கும்போது செபமாலைமுத்துவை முன்கொம்பு பிடிக்க விடவேண்டும் என்று சனம் கதைக்கிறது என்று எட்வேட்டின் காதுக்கு வந்திருந்தது. முத்து அந்த வருடத்துச் சந்தா இருபது பவுண் இன்னும் கட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் எட்வேட். பேரவைக்குப் பாக்கி வைத்திருக்கிற எவரும் கூட்டையோ கொடிக் கயிற்றையோ தொடக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒன்பது பேரும் கை உயர்த்தினார்கள். லூர்தம்மாவும் உயர்த்தினார், எல்லாருக்கும் முதல் உயர்ந்த கை அவருடையது. ரீச்சர் எழுதினார். எட்வேட் தங்கப் பேனாவால் கையெழுத்து வைத்தார்.

கேள்விப்பட்ட முத்து அன்று பின்னேரமே மீன் வானோடு லூர்தம்மாவின் வீட்டுக்கு வந்து, செதில் ஒட்டின இருபது பவுண் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்வேட்டுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்தச் சட்டம் தன்னையும் பிடிக்கும் என்று விளங்கியிருக்க வேண்டும். ஆவணிக் கூட்டத்தில் சிவப்புக் கொப்பியைக் கேட்டு வாங்கி விரித்தார்.

"அக்கா, இதிலை என்ரை பேருக்கு நேரை வந்தது எண்டு உங்கடை கையாலை எழுதிக் கிடக்கு. பிறகு என்ன ஒவ்வொரு மாசமும் காசு காசு எண்டு கேக்கிறியள்?"

கொப்பியில் கிடந்தது லூர்தம்மாவின் கையெழுத்துத்தான். பொய் எழுதினேன் என்று அந்த எட்டுப் பேருக்கு முன்னால் சொல்வதா? பதினான்கு பேரை மேய்த்தவர், பன்னிரண்டு வருடம் கொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தவர், கீழே பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு கிழமையில் கதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபாரஸ்ட் கேட் வரை போய்விட்டது. எட்வேட் எப்போதோ கொடுத்துவிட்டாராம், பொருளாளர்தான் காசை எடுத்துப்போட்டாராம். அந்தக் கதையைத் தொலைபேசியில் லூர்தம்மாவுக்கே சொன்னவள், தான் நம்பவில்லை என்றும் சொன்னாள். அதுதான் அவருக்குக் கூடச் சுட்டது. கல் வைக்காமல் இருந்தாலும் மனுசன் மன்னிப்பார். கள்ளி என்ற பெயரோடு போய் அவருக்குப் பக்கத்தில் படுக்க லூர்தம்மா ஆயத்தமில்லை.

அடுத்த நாள் பஸ் எடுத்துப் பியற்றிஸ் ரீச்சரின் வீட்டுக்குப் போனார். ஐப்பசியிலிருந்து எழுதின கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் ஒருக்கால் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். ரீச்சர் வாசித்தார். லூர்தம்மா கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை கொடியேற்றம். கொடி பொருளாளரின் பொறுப்பு. கழுவி, அழுத்தி, அவருடைய அலுமாரியில்தான் இருக்கும். ஏற்றுவது தலைவர். கோயில் முற்றத்தில் நூற்றைம்பது சனம். எட்வேட் புதுக் கோட்டோடு வந்து கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று கையை நீட்டினார். மறுபுறம் லூர்தம்மா, மடித்த கொடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கொடியைத் தாங்கோ. ஃபாதர் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"தாறன் தம்பி. ஆடி மாசம் போட்ட சட்டத்தை ரீச்சர் ஒருக்கா வாசிக்கட்டும்."

ரீச்சர் இடாப்புக் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். முன்மொழிந்தவர் தலைவர் எட்வேட் என்பதையும் விடாமல் வாசித்தார். ஃபாதருக்கு அது புதுச் செய்தி. நல்ல சட்டம்தான், யாருக்காவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். லூர்தம்மா ஒரே ஒரு பெயரைச் சொன்னார்.

எட்வேட் சிரித்தார். சுவிசில் என்றால் இப்படிப் பேச்சுக்கே இடமில்லை என்றார். பொருளாளரின் கொப்பியிலேயே வந்தது என்று இருக்கிறது, வேண்டுமென்றால் ஃபாதரே பார்க்கட்டும் என்றார்.

லூர்தம்மா ஃபாதரின் பக்கம் திரும்பினார்.

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு. பொய் எழுதினது நான்தான், ஃபாதர். பன்னிரண்டு வருசத்திலை இந்தக் கொப்பியிலை நான் எழுதின ஒரே பொய். எல்லாருக்கும் முன்னாலை தொகையை வாசிச்சுப்போட்டன், காசு இல்லை எண்டு சொல்ல வெக்கம். அதுக்காக என்ரை மனுசன்ரை கல்லுக்கு வைச்சிருந்த காசைக் கொண்டுபோய்ப் போட்டன். போட்ட ஆளின்ரை பேரோடை வங்கித் துண்டு இந்தா கிடக்கு."

துண்டை ஃபாதரிடம் கொடுத்தார். யாரும் கேட்காமலே பியற்றிஸ் ரீச்சர் முந்திய மாதங்களின் பக்கங்களைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"ஐப்பசி. புதுச் செக் புத்தகம் வந்ததும் பூசணிக்காய்க் காசைத் தருவதாகத் தலைவர் கூறினார். கையொப்பம், எட்வேட். கார்த்திகை. காய் அழுகல், ஆகவே காசு தர இயலாதெனத் தலைவர் கூறினார். கையொப்பம், எட்வேட். தை. பதிந்த அன்றே காசு தருவதாகத் தலைவர் கூறினார். கையொப்பம், எட்வேட்."

தான் காசு கொடுக்கவில்லை என்று மாதாமாதம் தங்கப் பேனாவால் எழுதிக் கொடுத்த கடன்காரரை அந்தச் சனம் அன்றைக்குத்தான் கண்டது. பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்க, முற்றம் முழுக்கச் சிரித்தது. எட்வேட் காய் அழுகியது உண்மைதானே என்று வாயெடுத்தார். அவருடைய மனுசி இம்மாகுலேற் கூட்டத்துக்குள்ளிருந்து முன்னுக்கு வந்தார்.

"அழுகினதோ? மூண்டு நாள் கறி வைச்சுத் தந்தன், ருசி எண்டு வழிச்சு வழிச்சுத் திண்டனீங்கள். போங்கோ, ஷெட்டிலை போய்க் காசை எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் நாளைக்கு இந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க வேணும்."

எட்வேட் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை நாற்பது நிமிடம் கொடி ஏறவில்லை. யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். பேரவையின் மற்ற ஆறு பேரும் தங்களுக்கு இது முந்தியே தெரியும் என்றும், தாங்கள் எப்போதும் லூர்தம்மாவின் பக்கம்தான் என்றும் ஆளுக்கொரு திசையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மா ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை. தொலைபேசியில் அந்தக் கதையைச் சொன்னவளும் அங்கே நின்றாள். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். லூர்தம்மா வாங்கவில்லை.

எட்வேட் ஷெட்டின் கல்லாப்பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் இருபது பவுண் தாள். ஒரு கட்டாக நீட்டினார். லூர்தம்மா கொடியை ரீச்சரிடம் கொடுத்துவிட்டு, வலது கையை விரித்துப் பிடித்து, எண்ணி வைக்கச் சொன்னார். எட்வேட் எண்ணினார். சனமும் சேர்ந்து எண்ணியது. முப்பத்தைந்தாவது தாள் விழுந்ததும் எட்வேட் கையைத் தட்டிக்கொண்டு கயிற்றின் பக்கம் திரும்பினார்.

"அது எழுநூறு" என்றார் லூர்தம்மா.

"ஒரு பவுணுக்கு என்னக்கா? விடுங்கோவன்."

"நீங்கள்தானே கேட்டனீங்கள் அந்த ஒண்டை."

எட்வேட் கோட்டுப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார். வங்கி அட்டை இருந்தது, போன் இருந்தது, ஒரு சல்லிக் காசு இல்லை. திறப்புக் கோர்வையில் சூப்பர்மாக்கற் வண்டிலுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் வட்டம் ஒன்று தொங்கியது. அதைக்கூட ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டார். இம்மாகுலேற் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்தம்மாவின் கை விரித்தபடியே இருந்தது.

செபமாலைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பவுண் நாணயக் குற்றியை எடுத்து எட்வேட்டின் முன்னால் நீட்டினார்.

"இந்தாரும். எனக்குப் பிறகு ஆறுதலாத் தாரும். செக் புத்தகம் வரட்டும்."

எட்வேட் அதை வாங்கினார். மீன் மணத்தது. லூர்தம்மாவின் விரித்த கையில், எழுநூறு பவுண் தாளுக்கு மேல், அதை வைத்தார்.